அயர்லாந்தும் லிஸ்பன் ஒப்பந்தமும்: ‘ஆம்’ கேட்டோர் பட்ட பாடு

அயர்லாந்தில் பொது வாக்கெடுப்பு நடைபெறும்போது வாக்காளர் கையில் கொடுக்கப்படும் சீட்டு மிகச் சிறியது. அரசியல் சட்டத்தைத் திருத்தும் இன்ன மசோதாவை அங்கீகரிக்கிறீர்களா என்று ஒரு கேள்வி. அதன் கீழே இரண்டு கட்டங்கள். ஒன்றில் ‘தா’ என்றும், மற்றொன்றில் ‘நீல்’ என்றும் ஐரிஷ் மொழியில் அச்சிடப்பட்டு, பக்கத்திலேயே அவற்றுக்கு நேரான ஆங்கிலச் சொற்களும் இருக்கும். ‘தா’ என்றால் ஆம் என்று பொருள். தமிழ்க் காதுக்கு அது யாசகம் கேட்பது போல் ஒலிப்பது தற்செயலே. ஆயினும் 2008 ஆம் ஆண்டிலும் 2009 ஆம் ஆண்டிலும் அந்நாட்டில் நடந்த இரண்டு வாக்கெடுப்புகளைக் கவனித்தால், அந்தக் கட்டத்தில் குறி போடும்படி கேட்டு வீதிக்கு வந்தவர்களின் நிலை யாசகர் நிலைக்கு அதிகத் தூரத்தில் இருக்கவில்லை என்பது விளங்கும்.

இரண்டு முறையும் கேட்கப்பட்டது ஒரே ஒப்பந்தத்தைப் பற்றித்தான். அதன் வாசகத்தில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. முதல் முறை மக்கள் அதை மறுத்தார்கள். பதினாறு மாதங்கள் கழித்து, அதே மக்கள் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் அதை ஏற்றார்கள். இந்த மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது? ‘ஆம்’ பிரசாரம் செய்தவர்கள் முதலில் எதைச் செய்யத் தவறினார்கள், பிறகு எதைக் கற்றுக்கொண்டார்கள்? மக்களிடம் ஓர் உடன்படிக்கைக்குச் சம்மதம் கேட்கும் எந்த அரசாங்கத்துக்கும் இக்கேள்வி பயன்படும்.

ஒப்பந்தத்தின் வரலாறு வருமாறு. 2004 ஆம் ஆண்டு வரை 15 நாடுகளைக் கொண்டிருந்த ஐரோப்பிய யூனியன், 2007 ஆம் ஆண்டில் 27 நாடுகளாகப் பெருகிவிட்டது. சிறு குடும்பத்துக்குப் போட்ட விதிகள் பெரிய கூட்டத்துக்குப் பொருந்தவில்லை. எனவே ஐரோப்பாவுக்கென்று ஓர் அரசியல் சட்டமே இயற்ற முயன்றார்கள். அதைப் பிரான்ஸ் நாட்டு மக்கள் 2005 மே 29 ஆம் தேதியும், நெதர்லாந்து மக்கள் அதற்கு மூன்றே நாட்களுக்குப் பின்னும் வாக்கெடுப்பில் தள்ளிவிட்டார்கள். பிறகு அதன் உட்பொருளில் பெரும்பகுதியை எடுத்து, பழைய ஒப்பந்தங்களுக்குத் திருத்தங்களாக மாற்றி எழுதி, 2007 டிசம்பர் 13 ஆம் தேதி போர்த்துகல் தலைநகர் லிஸ்பனில் 27 நாடுகளும் கையெழுத்திட்டன. தலைவர்களின் கூட்டத்துக்கு நிலையான தலைவர் ஒருவர், வெளிநாட்டு விவகாரங்களுக்கு உயர் பிரதிநிதி ஒருவர், ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்குக் கூடுதல் அதிகாரம், அடிப்படை உரிமைகள் சாசனத்துக்குச் சட்ட வலிமை, மந்திரிகள் கூட்டத்தில் புதிய பெரும்பான்மைக் கணக்கு ஆகியவை அதில் முக்கியமானவை. அந்தக் கணக்கின்படி நாடுகளில் 55 சதவிகிதமும், மக்கள் தொகையில் 65 சதவிகிதமும் சேர்ந்தால் ஒரு சட்டம் நிறைவேறும். யூனியனை விட்டு வெளியேற விரும்பும் நாட்டுக்கு வழி வகுத்த 50 ஆவது ஷரத்தும் இதில் வந்ததுதான். அக்காலத்தில் அதைக் கவனித்தவர் சிலரே.

திருத்தங்களாக எழுதியதில் ஒரு பெரிய சங்கடம் இருந்தது. ஒப்பந்தம் 250 பக்கங்களுக்கு மேல் நீண்டது. அந்தப் பக்கங்களைப் புரட்டினால், இன்ன ஷரத்தின் இரண்டாம் பத்தியில் இன்ன சொல்லை நீக்கி இன்ன சொல்லைச் சேர்க்கவும் என்ற கட்டளைகளே கண்ணில் படும். பழைய ஒப்பந்தங்களைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டாலன்றி ஒரு வரியும் புரியாது. திருத்தங்களைச் சேர்த்து ஒழுங்காகப் படிக்கத்தக்க வாசகம் யூனியனின் அதிகாரபூர்வமான கெஜட்டில் 2008 மே 9 ஆம் தேதிதான் வெளிவந்தது. அயர்லாந்தின் வாக்கெடுப்பு ஜூன் 12 ஆம் தேதி!

விவசாயி தொடுத்த வழக்கு

மற்ற 26 நாடுகளும் தங்கள் பாராளுமன்றங்களில் ஒப்பந்தத்தை நிறைவேற்றிக்கொண்டன. அயர்லாந்து மட்டும் ஏன் மக்களிடம் போயிற்று? அதற்குக் காரணம் ரேமண்ட் கிராட்டி என்ற தனி மனிதர். கில்கென்னி மாவட்டத்தில் பல ஆண்டுகள் விவசாயம் செய்து, பிறகு பொருளாதார அறிஞரானவர் அவர். ஐரோப்பிய நாடுகள் 1986 ஆம் ஆண்டில் செய்துகொண்ட ஒருங்கிணைந்த ஐரோப்பியச் சட்டம் என்ற உடன்படிக்கையை அயர்லாந்து அரசாங்கம் தானாகவே உறுதிப்படுத்தக் கூடாது என்று அவர் வழக்குத் தொடுத்தார். அவ்வாண்டு கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் நீதிமன்றம் தடை உத்தரவு பிறப்பித்தது. 1987 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வரவேண்டிய உடன்படிக்கை, அந்த ஒரு மனிதர் பொருட்டு ஐரோப்பா முழுவதிலும் ஆறு மாதம் காத்திருந்தது. ஏப்ரல் மாதத்தில் உச்ச நீதிமன்றம் கிராட்டிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. வெளிநாட்டுக் கொள்கையை வகுக்கும் உரிமையைப் பிறருடன் பகிர்ந்துகொள்வதற்கு அரசாங்கத்துக்கு அதிகாரம் இல்லை, மக்கள்தான் அந்த அதிகாரத்தைக் கொடுக்க முடியும் என்பது தீர்ப்பின் சாரம்.

எல்லா ஒப்பந்தத்துக்கும் வாக்கெடுப்பு வேண்டுமென்று நீதிமன்றம் சொல்லவில்லை. யூனியனின் அடிப்படை நோக்கத்தையோ எல்லையையோ மாற்றும் ஒப்பந்தங்களுக்கு மட்டுமே அது பொருந்தும். ஆனால் எந்த ஒப்பந்தம் அந்த வகையைச் சேர்ந்தது என்று வழக்காடித் தோற்பதைவிட வாக்கெடுப்பு நடத்திவிடுவதே மேல் என்று அரசாங்கத்தின் வக்கீல்கள் முடிவு செய்தார்கள்.

இன்னும் இரண்டு வழக்குகள் ‘ஆம்’ பிரசாரத்தின் கைகளைக் கட்டின. மண முறிவு உரிமை பற்றிய வாக்கெடுப்பு 1995 நவம்பரில் நடந்தபோது, ‘ஆம்’ விளம்பரத்துக்கு அரசாங்கம் பொதுப் பணத்தைச் செலவிட்டது. பசுமைக் கட்சியைச் சேர்ந்த பட்ரிஷியா மெக்கென்னா அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். வரி கட்டுவோரில் இரு கருத்தினரும் இருக்க, அவர்களின் பணத்தை எடுத்து ஒரு கட்சிக்காகச் செலவிடுவது சமத்துவம் ஆகாது என்று நீதிமன்றம் கூறிவிட்டது. பிறகு அந்தோனி கோக்லன் என்பவர் தொடுத்த வழக்கில், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் இரு தரப்பாருக்கும் இலவசமாக ஒதுக்கும் பிரசார நேரம் சமமாக இருக்க வேண்டும் என்று 2000 ஆம் ஆண்டில் தீர்ப்பாயிற்று.

இத்தீர்ப்புகளின் விளைவு என்ன? 2008 ஆம் ஆண்டில் அயர்லாந்து மக்கள் சபையின் அங்கத்தினர் 166 பேர். பெரிய கட்சிகளான ஃபியனா ஃபாயில், ஃபினா கேல், தொழிற்கட்சி மூன்றும் லிஸ்பனை ஆதரித்தன. சபையில் இடம் பெற்ற கட்சிகளில் நேராக எதிர்த்தது 4 அங்கத்தினர் கொண்ட ஷின் ஃபேன் மட்டுமே. ஆளும் கூட்டணியிலிருந்த பசுமைக் கட்சி, தன் மாநாட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிட்டாமையால், கட்சி என்ற முறையில் வாய் திறக்கவில்லை. சபையில் பத்தில் ஒன்பது பங்கு ‘ஆம்’ பக்கம் இருந்தும், ஒலிபரப்பில் பாதி நேரம் ‘இல்லை’ பக்கத்துக்குப் போயிற்று. அரசாங்கத்தின் பண்ப்பையும் ‘ஆம்’ கட்சிக்குத் திறக்கவில்லை. இதை அநியாயம் என்று சொன்ன மந்திரிகள் உண்டு. ஆனால் சபையில் இருக்கும் பெரும்பான்மையே போதுமென்றால் பிறகு மக்களைக் கேட்பானேன்? நீதிபதிகள் கண்ட நியாயமே சரியான நியாயமாகத் தோன்றுகிறது.

சீட்டில் ‘இல்லை’ என்ற கட்டம் இருப்பதும் அற்ப விஷயம் அல்ல. 1962 செப்டம்பர் முதல் தேதி சிங்கப்பூரில் நடந்த இணைப்பு வாக்கெடுப்பில் மூன்று வகை இணைப்புகள் மட்டுமே அச்சிடப்பட்டிருந்தன; இணைப்பே வேண்டாம் என்பவருக்கு இடமில்லை. நூற்றுக்கு 25 பேருக்கு மேல் வெற்றுச் சீட்டுப் போட்டார்கள். அயர்லாந்தில் அந்தக் குறை கிடையாது. அங்கே ‘இல்லை’ என்பவரும் ‘ஆம்’ என்பவரும் ஒரே அளவான கட்டத்தில் குறி போடுகிறார்கள்.

முதல் தோல்வி

கட்டங்கள் சமம், ஆனால் பிரசாரத்தின் பாரம் சமம் அல்ல. ஒரு வீட்டை வாங்கச் சொல்கிறவர் கூரை, சுவர், கிணறு, பத்திரம் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். வாங்காதே என்பவருக்கு உடைந்த ஓடு ஒன்று போதும். அந்த ஓடு உடையவே இல்லை என்று நிரூபிப்பதற்குள் அவர் கிணற்றைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார். லிஸ்பன் போன்ற ஒப்பந்தத்தில் ஓடுகளுக்குக் கணக்கே இல்லை.

2008 இல் ‘இல்லை’ பக்கத்தில் ஒருவரோடொருவர் ஒட்டாத பலர் நின்றார்கள். டெக்ளன் கேன்லி என்ற வணிகர் நிறுவிய லிபர்ட்டாஸ் என்ற அமைப்பு, கம்பெனி வரியைப் பற்றிப் பேசியது. அயர்லாந்து 12.5 சதவிகிதம் என்ற குறைந்த வரியைக் காட்டித்தான் அமெரிக்கக் கம்பெனிகளை இழுத்து வந்தது. பிரஸ்ஸல்ஸ் அதில் கை வைக்கும் என்றார் அவர். கோயிர் என்ற சமயப் பற்றுள்ள அமைப்பு, கருச்சிதைவுச் சட்டம் வெளியிலிருந்து திணிக்கப்படும் என்றது. ஷின் ஃபேன், தொழிலாளர் உரிமையையும் நாட்டின் நடுநிலைமையையும் பற்றிக் கவலைப்பட்டது. ஐரிஷ் பிள்ளைகளை ஐரோப்பியப் படையில் கட்டாயமாகச் சேர்ப்பார்கள் என்ற பேச்சும் ஊர்களில் பரவியது.

இவற்றில் எது மெய், எது பொய்? கட்டாய ராணுவ சேவைக்கு ஒப்பந்தத்தில் இடமே இல்லை. வரி விஷயத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் இருந்த தடுப்பு வாக்கு அப்படியே இருந்தது. கருச்சிதைவு பற்றி அயர்லாந்தின் அப்போதைய அரசியல் சட்ட ஷரத்துக்குப் பாதுகாப்பாக 1992 ஆம் ஆண்டு முதலே ஒரு தனிக் குறிப்பு ஐரோப்பிய ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டிருந்தது. ஆனால் ஓர் அச்சம் முழு மெய். யூனியனின் நிர்வாக சபையாகிய கமிஷனில் அதுவரை நாட்டுக்கு ஒரு கமிஷனர் உண்டு. 2014 முதல் மூன்றில் இரண்டு பங்கு நாடுகளுக்கு மட்டுமே, சுழற்சி முறையில், கமிஷனர் பதவி என்று லிஸ்பன் எழுதியிருந்தது. அதாவது, அயர்லாந்து 15 ஆண்டுகளில் 5 ஆண்டு கமிஷனர் இல்லாமல் இருக்க வேண்டும். சிறிய நாட்டு மக்களுக்கு இது உறுத்தாமல் இருக்குமா? தொழிலாளர் கவலையிலும் சாரம் உண்டு. லவல் என்ற கம்பெனியின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2007 டிசம்பரில் அளித்த தீர்ப்பு, வெளிநாட்டுக் கம்பெனிகளை எதிர்த்துத் தொழிற்சங்கங்கள் எடுக்கும் நடவடிக்கைக்கு எல்லை கட்டியது.

பதில் சொல்ல வேண்டியவர்கள் அப்போது வேறு வேலையில் இருந்தார்கள். பிரதம மந்திரி பெர்ட்டி அஹெர்ன், தம் பண விவகாரங்கள் பற்றிய விசாரணையின் நிழலில், ஏப்ரல் மாதம் ராஜிநாமாவை அறிவித்தார். பிரையன் கவன் மே 7 ஆம் தேதி பதவியேற்றார். வாக்கெடுப்புக்கு ஐந்து வாரங்களே இருந்தன. ஒப்பந்தத்தை முதலிலிருந்து கடைசி வரை தாம் படிக்கவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். அயர்லாந்தின் கமிஷனர் சார்லி மெக்ரீவியோ, தாமும் படிக்கவில்லை, புத்தியுள்ள எவரும் அதைப் படித்து முடிப்பார் என்று தாம் எதிர்பார்க்கவும் இல்லை என்ற பொருள்படப் பேசினார். அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம். ஆனால், படிக்காமலே கையெழுத்துப் போடு என்று கேட்பவன் கையில் எவன் பேனாவை எடுப்பான்?

சுவரொட்டிகளையும் சொல்ல வேண்டும். கட்சிக்காரர்கள் தெருக்கம்பங்களில் கட்டிய ‘ஆம்’ சுவரொட்டிகள் பலவற்றில் பெரிதாகத் தெரிந்தது உள்ளூர் அரசியல்வாதியின் முகம். அடுத்த ஆண்டில் நகரசபைத் தேர்தல்! அயர்லாந்துக்கு நல்லது, ஐரோப்பாவுக்கு நல்லது என்ற தோரணையில் கீழே ஒரு வரி. எதிர்ப் பக்கத்திலோ, ‘தெரியவில்லையா? வேண்டாம் என்று போடுங்கள்’ என்று ஆங்கிலத்தில் எதுகையோடு அமைந்த ஒரு வாசகம் வாய்க்கு வாய் பரவியது. அறியாமையையே ஒரு காரணமாக்கிய அந்த வாசகத்தைப் பழிப்பது எளிது. ஆனால், அறியாத பத்திரத்தில் கையெழுத்திடாதே என்பது எந்த வக்கீலும் தம் கட்சிக்காரருக்குச் சொல்லும் புத்திமதிதானே!

விவசாயிகள் சங்கத்தின் கதை தனி. உலக வர்த்தகப் பேச்சில் ஐரோப்பாவின் சார்பாகப் பேசிய கமிஷனர் பீட்டர் மண்டல்சன், இறைச்சி இறக்குமதியைத் திறந்துவிடுவார் என்று மாடு வளர்ப்போர் அஞ்சினார்கள். லிஸ்பனுக்கும் இதற்கும் நேரான தொடர்பு இல்லை. எனினும், பாதகமான உடன்பாட்டைத் தடுப்பதாகப் பிரதம மந்திரி வாக்களித்தாலன்றி ‘ஆம்’ சொல்லமாட்டோம் என்று சங்கம் பிடிவாதமாக நின்றது. ஜூன் தொடக்கத்தில் வாக்குறுதி கிடைத்தது. வாக்கெடுப்புக்குப் பத்து நாட்கூட இல்லை. அதற்குள் கிராமங்களில் மனங்கள் இறுகிப் போயிருந்தன.

ஜூன் 12 ஆம் தேதி ‘இல்லை’ 8 லட்சத்து 62 ஆயிரம். ‘ஆம்’ 7 லட்சத்து 52 ஆயிரம். அதாவது 53.4 சதவிகிதம் எதிர்ப்பு. 43 தொகுதிகளில் 33 மறுத்துவிட்டன. டப்ளின் நகரில் வசதியானவர் வாழும் பகுதிகள் ஏற்றன. தொழிலாளர் வாழும் பகுதிகள் தள்ளின. உடனே ஐரோப்பியக் கமிஷன் நடத்திய கருத்தறியும் ஆய்வில், எதிர்த்து வாக்களித்தவர்களில் 22 சதவிகிதத்தினர் ஒப்பந்தத்தைப் பற்றித் தங்களுக்குப் போதிய விவரம் தெரியாததையே காரணமாகச் சொன்னார்கள். வேறெந்தக் காரணமும் அந்த அளவை எட்டவில்லை.

அச்சத்துக்கு விடை

தோற்றவர்கள் முதலில் செய்த காரியம் விவேகமானது அல்ல. ஐரிஷ் மக்கள் மறுபடியும் வாக்களிக்க வேண்டியிருக்கும் என்று பிரான்ஸ் ஜனாதிபதி சார்க்கோசி ஜூலை மாதம் சொன்னதாகச் செய்தி வந்தது. அயர்லாந்தில் அது எண்ணெய் வார்த்தது போலாயிற்று. ஆனால், டப்ளின் பாராளுமன்றம் ஓர் உப குழுவை அமைத்து அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் பலரையும் அழைத்து விசாரித்தது. மக்கள் எதற்கு அஞ்சினார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளும் வேலை அப்போதுதான் தொடங்கியது எனலாம். வாக்கெடுப்புக்கு முன்னால் நடந்திருக்க வேண்டிய வேலை அது.

கிடைத்த பட்டியலை எடுத்துக்கொண்டு கவன் பிரஸ்ஸல்ஸுக்குப் போனார். 2008 டிசம்பர் மாநாட்டில், லிஸ்பன் அமலுக்கு வந்தால் நாட்டுக்கு ஒரு கமிஷனர் என்ற பழைய முறையையே நீடிப்பது என்று தலைவர்கள் ஒப்புக்கொண்டார்கள். இதற்கு ஒப்பந்தத்தைத் திருத்த வேண்டியிருக்கவில்லை. கமிஷனர் எண்ணிக்கையைத் தலைவர்கள் ஒருமனதாக மாற்றிக்கொள்ளலாம் என்று லிஸ்பனிலேயே ஒரு வாசல் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், அதற்கு முந்திய நீஸ் ஒப்பந்தத்தில் அந்த வாசல் இல்லை. 2009 ஆம் ஆண்டில் கமிஷனர்கள் தொகையை நாடுகளின் தொகையைவிடக் குறைத்தே தீர வேண்டும் என்று அது விதித்திருந்தது. ஆகவே, கமிஷனர் வேண்டும் என்பவர் லிஸ்பனை ஆதரிக்க வேண்டும் என்று வாதம் தலைகீழாகத் திரும்பிவிட்டது! முதல் ஆண்டில் ‘இல்லை’ பக்கத்தின் மிக வலிய ஆயுதம் இரண்டாம் ஆண்டில் ‘ஆம்’ பக்கத்தின் கைக்கு வந்தது.

2009 ஜூன் மாநாட்டில் மற்ற உறுதிமொழிகள் எழுத்தில் வந்தன. உயிர், குடும்பம், கல்வி பற்றிய அயர்லாந்து அரசியல் சட்ட விதிகளை லிஸ்பன் தொடாது. வரி விதிக்கும் அதிகாரத்தை மாற்றாது. நடுநிலைமையைப் பாதிக்காது, கட்டாய ராணுவ சேவையை ஏற்படுத்தாது. தொழிலாளர் உரிமை பற்றித் தனிப் பிரகடனம் ஒன்றும் சேர்ந்தது. இவை லிஸ்பனில் புதிதாக எதையும் சேர்க்கவில்லை, அதில் இல்லாதது இல்லை என்று சொல்கின்றன, அவ்வளவே என்று எதிர்ப்பாளர் ஏளனம் செய்தார்கள். அது சரிதான். ஆனால், பத்திரத்தில் இன்ன வில்லங்கம் இல்லை என்று விற்பவர் வாயால் சொல்வதும், கையெழுத்திட்டுக் கொடுப்பதும் ஒன்றாகுமா? உறுதிமொழிகளைச் சர்வதேசச் சட்டத்தில் கட்டுப்படுத்தும் முடிவாக 27 தலைவர்களும் ஏற்று, பின்னர் ஒப்பந்தத்தோடு இணைப்பதாகவும் ஒப்புக்கொண்டார்கள்.

இரண்டாம் முறை

அக்டோபர் 2 ஆம் தேதி என்று நாள் குறித்தார்கள். இம்முறை கட்சிக்காரர்கள் முன்வரிசையில் நிற்பது ஆபத்து என்று தெரிந்திருந்தது. வங்கிகள் நொடித்த பிறகு கவன் அரசாங்கத்தின் பெயர் மிகவும் கெட்டுப் போயிருந்தது. ஆகவே கட்சி சாராத அமைப்புகள் முளைத்தன. ‘ஐரோப்பாவுக்காக அயர்லாந்து’ என்ற அமைப்புக்குப் பேராசிரியை பிரிஜிட் லஃபன் தலைமை தாங்கினார். ஐரோப்பியப் பாராளுமன்றத்தின் முன்னாள் தலைவர் பாட் காக்ஸ் பிரசாரத்தை இயக்கினார். நோபல் பரிசு பெற்ற கவிஞர் சீமஸ் ஹீனி ஆதரவு தெரிவித்தார். இளைஞர்களுக்கு ‘ஜெனரேஷன் எஸ்’ என்றொரு குழு. பெண்களுக்கு ஒரு குழு. உரிமைகள் சாசனத்தை முன்வைத்துத் தொழிற்சங்கத்தார் சிலர் அமைத்த ஒரு குழு. முந்திய முறை ஒதுங்கி நின்ற பெரிய தொழிற்சங்கமாகிய சிப்டு இப்போது ‘ஆம்’ என்றது. பசுமைக் கட்சிக்கும் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்துவிட்டது. அரசாங்கத்தோடு ஓயாமல் சண்டையிட்ட ரயன்ஏர் விமானக் கம்பெனியின் தலைவர் மைக்கேல் ஓலியரி, 5 லட்சம் யூரோ செலவிடுவதாக அறிவித்துக் களத்தில் குதித்தார்.

எதிர்ப் பக்கத்தில் கேன்லி, ஜூன் மாத ஐரோப்பியப் பாராளுமன்றத் தேர்தலில் தோற்று ஒதுங்கி, செப்டம்பரில்தான் திரும்பினார். கோயிர் அமைப்பு, லிஸ்பனுக்குப் பின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1.84 யூரோவா என்று சுவரொட்டி கட்டியது. அப்போது சட்டப்படி இருந்த கூலி 8.65 யூரோ. கூலியை நிர்ணயிப்பது அந்தந்த நாட்டின் உரிமை. லிஸ்பன் அதை மாற்றவில்லை. சுவரொட்டியில் ஒரு கேள்விக்குறி இருந்ததால் அது பொய் ஆகாது என்பது வாதம்! சென்ற முறை போலன்றி, இம்முறை ‘ஆம்’ பக்கத்தார் உடனுக்குடன் பதில் சொன்னார்கள். நீதிபதி ஃபிராங்க் கிளார்க் தலைமையில் சட்டப்படி நடுநிலையில் நின்ற வாக்கெடுப்புக் கமிஷனும் ஒப்பந்தத்தில் உள்ளது எது, இல்லாதது எது என்று தெளிவாக எடுத்துச் சொல்லி வந்தது.

‘ஆம்’ பக்கத்தார் மட்டும் அரிச்சந்திரர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். வேலை வேண்டுமா, ஆம் என்று போடு என்ற பாணியில் அவர்கள் ஊரெங்கும் எழுதினார்கள். லிஸ்பன் ஒப்பந்தத்தில் ஒருவருக்கும் வேலை இல்லை. அது கூட்டம் நடத்துவதற்கான விதிகள் அடங்கிய பத்திரம். ஆனால் அயர்லாந்து அப்போது நடுங்கிக்கொண்டிருந்தது. 2008 செப்டம்பர் 29 ஆம் தேதி இரவு, வங்கிகளின் சுமார் 44,000 கோடி யூரோ கடனுக்கு அரசாங்கம் உத்தரவாதம் கொடுத்திருந்தது. முதல் வாக்கெடுப்பின்போது 6 சதவிகிதம் அளவிலிருந்த வேலையில்லாதோர் தொகை இரண்டாவதற்குள் 12 சதவிகிதத்தைத் தாண்டியது. ஐரோப்பிய மத்திய வங்கியின் கடனில்தான் ஐரிஷ் வங்கிகள் மூச்சு விட்டன. யூனியனுக்கு வெளியே தனித்து நின்ற ஐஸ்லாந்தின் வங்கிகள் கவிழ்ந்ததும், அந்நாடு 2009 ஜூலையில் யூனியனில் சேர விண்ணப்பித்ததும் எல்லார் கண் முன்னும் நடந்தன. இந்நிலையில் ஐரோப்பாவைப் பகைத்துக்கொள்வதா என்ற அச்சமே பலரை மாற்றியது. முந்திய ஆண்டு ‘இல்லை’ பக்கம் நின்ற அச்சம் இப்போது ‘ஆம்’ பக்கம் வந்து நின்றது என்பதை மறைப்பதில் பயனில்லை.

முடிவு: ‘ஆம்’ 12 லட்சத்து 14 ஆயிரம், ‘இல்லை’ 5 லட்சத்து 94 ஆயிரம். அதாவது 67.1 சதவிகிதம் ஆதரவு. 43 தொகுதிகளில் டோனிகாலின் இரண்டு மட்டுமே மறுத்தன.

அச்சம் ஒன்றுதானா காரணம், வாதமும் கொஞ்சம் வேலை செய்ததா? இதற்கு விடை தேட நீஸ் ஒப்பந்தத்தின் கணக்கோடு ஒப்பிடலாம். அதையும் அயர்லாந்து 2001 ஜூனில் மறுத்து, 2002 அக்டோபரில் ஏற்றது. முதல் முறை ‘இல்லை’ 5 லட்சத்து 29 ஆயிரம். இரண்டாம் முறை 5 லட்சத்து 34 ஆயிரம். மறுத்தவர்கள் தொகை ஏறக்குறைய அசையவே இல்லை. ‘ஆம்’ மட்டும் 4 லட்சத்து 53 ஆயிரத்திலிருந்து 9 லட்சத்து 6 ஆயிரமாக இருமடங்காயிற்று. வீட்டில் உட்கார்ந்திருந்த ஆதரவாளரை எழுப்பிக் கொண்டுவந்து பெற்ற வெற்றி அது. லிஸ்பனில் அப்படியல்ல. மொத்த வாக்கு சுமார் 1 லட்சத்து 94 ஆயிரம் கூடியிருக்க, ‘இல்லை’ வாக்கு சுமார் 2 லட்சத்து 68 ஆயிரம் குறைந்தது. மறுத்தவர்களே பெருமளவில் மனம் மாறியிருந்தால் அல்லாது இந்தக் கணக்கு நேராகாது. தோற்ற கட்சிக்குத் தன் ஆட்களை எழுப்புவதும் எதிரியின் ஆட்களை மாற்றுவதும் வெவ்வேறு தொழில். பின்னது மிகவும் கடினமான தொழில்.

இரண்டாம் முறை கேட்டதே முறையா என்ற கேள்வி இன்றும் ஓயவில்லை. ‘ஆம்’ வரும் வரை கேட்பார்கள், வந்த பிறகு கேட்கமாட்டார்கள் என்று எதிர்ப்பாளர் சொன்னதில் நியாயம் உண்டு. 1992 இல் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை மறுத்த டென்மார்க்கும், சில விலக்குகள் பெற்று, 1993 இல் திரும்ப வாக்களித்தது. பிரான்ஸிலும் நெதர்லாந்திலும் மக்கள் மறுத்த சரக்கு வேறு பெட்டியில் வந்தபோது அவர்களைக் கேட்கவே இல்லை. அவர்களோடு ஒப்பிட்டால், இரண்டு முறை கேட்கப்பட்ட ஐரிஷ் வாக்காளர் கொடுத்து வைத்தவர். கேட்டவர்கள் வெறுங்கையோடு திரும்பி வராமல் கமிஷனரையும், எழுதிய உறுதிமொழிகளையும் கொண்டுவந்தார்கள். முதல் ‘இல்லை’ இராவிட்டால் அவை கிடைத்திரா. அந்த வகையில், 2009 இல் ‘ஆம்’ என்றவர்கள் அனுபவித்ததில் ஒரு பகுதி 2008 இல் ‘இல்லை’ என்றவர்கள் சம்பாதித்தது.

லிஸ்பன் ஒப்பந்தம் 2009 டிசம்பர் முதல் தேதி அமலுக்கு வந்தது. அயர்லாந்துக்குக் கொடுத்த உறுதிமொழிகள் 2012 ஆம் ஆண்டில் தனிச் சாசனமாகக் கையெழுத்தாகி, 2014 டிசம்பர் முதல் தேதி சட்ட வலிமை பெற்றன. கமிஷனர்களைக் குறைக்கும் திட்டத்தை 2013 மே மாதம் தலைவர்கள் முறையாக ஒத்திவைத்தார்கள். யூனியனின் 27 நாடுகளுக்கும் கமிஷனில் இன்றும் தலைக்கு ஓர் இடம் இருக்கிறது.